அறுபத்து மூன்று காக்கைகள்

ஜூலை 21, திங்கள்

காலை ஆறரைக்கே புழுக்கம். 5-பி-யில் மின்விசிறி இன்னும் சுற்றவில்லை. எழுதிக் கொடுத்துப் பதினோரு நாள். ஆபீஸில் கேட்டால், "எலெக்ட்ரீஷியன் சைதாப்பேட்டைல இருந்து வரணும் மிஸ்." சைதாப்பேட்டை என்ன சிங்கப்பூரா.

எண்ணும் வேலை இன்று தொடங்கியது. முப்பத்தெட்டு உருப்படிகளுக்கும் வெள்ளியன்றே விளக்கி அனுப்பியிருந்தேன். வீட்டுப் பக்கத்தில் ஓர் இடம். தினமும் காலை ஏழு முதல் ஏழேகால் வரை அங்கேயே நிற்பது. கண்ணில் படும் உயிரையெல்லாம் எண்ணுவது. ஒன்றுக்கு ஒரு கோடு, ஐந்தாவது குறுக்கே. ஏழு நாள். பிறகு முதுகெலும்பு உண்டு, இல்லை. பிறகு பாலூட்டி, பறவை, ஊர்வன, பூச்சி. கடைசியில் கிராஃப். ஆகஸ்ட் 1 கண்காட்சி, தாளாளர் வருகிறார். புத்தகத்து ஒட்டகத்தையும் பெங்குவினையும் மனப்பாடம் செய்தது போதும் என்று எச்.எம்.மிடம் நானே கெஞ்சி வாங்கிய வேலை. சொதப்பினால் அடுத்த வருடம் பழையபடி ஒட்டகம்.

பலகையில் பெரிதாக எழுதி, அழிக்கக் கூடாது என்று கட்டம் போட்டேன்: கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது. மூன்று தடவை சேர்ந்து சொல்லச் சொன்னேன். சத்தம் குறைக்கச் சொல்லிப் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்தது.

முதல் நாள் தாள்களில் கண்டவை:
– ஹரிணி: மயில் 4, யாளி 6, காளை 2. கோபுரத்துப் பொம்மைகள். "கண்ணால பாத்தேனே மிஸ்."
– மார்க்கெட்டில் நின்ற ஒருவன்: மீன், 2 கிலோ.
– கொசு: நிறைய. நிறைய என்பது எண் இல்லை என்று சொல்ல ஐந்து நிமிடம்.
– வௌவால் பறவையா. அரை பீரியட் போயிற்று. "பறக்குதுல்ல மிஸ்." "அப்ப ஏரோப்ளேன் பறவையாடா."

உருப்படியாக வந்தது ஒரே தாள். மோனிஷா. கடைசி பெஞ்ச், வாயே திறக்காது. அம்மா தெப்பக்குளத்துப் படியருகே பூ விற்கிறாள், இவள் எண்ணும் இடமும் அதுதான். காக்கா 8, புறா 14, நாய் 3, மாடு 2, பூனை 1. கீழே பொடி எழுத்தில்: 'மீன் இருக்கு. தண்ணி பச்சையா இருக்கறதால எண்ண முடியல.' எண்ண முடியவில்லை என்று எழுதத் தெரிந்த ஒரே பிள்ளை. சந்தோஷமாக இருந்தது. சொல்ல மறந்துவிட்டேன்.

லஸ் பக்கம் மெட்ரோ வேலை, பஸ் சுற்றிப் போகிறது. வீடு சேர ஐந்தரை.

ஜூலை 22, செவ்வாய்

எச்.எம். கூட்டம். முக்கால் மணி நேரம். சாராம்சம்: சார்ட் எல்லாம் ஒரே அளவு. தலைப்பு சிவப்பு. பென்சில் தெரியக் கூடாது.

"பட்டை எல்லாம் பார்க்க அழகா ஏறி இறங்கணும் கலா மிஸ். ஒண்ணு குட்டையா ஒண்ணு நெட்டையா இருந்தா கண்ணுக்கு நல்லா இருக்காது."

காக்கைகளிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று வாய் வரை வந்தது. சரி மேடம் என்றேன்.

ஆதித்யாவின் தாள் கம்ப்யூட்டரில் அச்சாகி வந்தது. கோடு ஒன்றும் இல்லை, எண் மட்டும். காக்கா 8.5. அவன் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அவன் எண்ணிண்டுதான் இருந்தான் மிஸ். ஒரு தரம் எட்டுங்கறான், ஒரு தரம் ஒம்பதுங்கறான். நான்தான் ஆவரேஜ் எடுத்து டைப் பண்ணிக் குடுத்தேன். எங்காத்துல எல்லாமே நீட்டா இருக்கணும்."

அரைக் காக்கை எப்படி இருக்கும் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "கான்செப்ட் புரிஞ்சாப் போறும் இல்லையா மிஸ்" என்றாள். எனக்குத் தலைவலி.

ஜூலை 23, புதன்

மேகம். மழை இல்லை, சும்மா பயமுறுத்தல்.

பென்சில் டப்பாவில் பல்லி வால். பெண்கள் வரிசை முழுக்க பெஞ்ச் மேல். 'ஊர்வன' பாடம் அதோடு முடிந்தது, நடத்தவே தேவைப்படவில்லை.

சிலந்தி பூச்சி இல்லை, எட்டுக் கால் என்று சொன்னதற்கு, ரெண்டு கால் ஒடிந்தால் பூச்சி ஆகிவிடுமா என்கிறான் ஒருவன். நல்ல கேள்வி. வெளியே நிற்க வைக்கத் தோன்றியது, வைக்கவில்லை.

நாளை ஆடி அமாவாசை. வாங்க வேண்டியது: வாழைக்காய் 3, பூசணி ஒரு கீற்று, பாசிப்பருப்பு, எள், வாழை இலை, வெல்லம். மாமனார் போய் இரண்டு வருடம் ஆகிறது. இவர் விரதம் என்றால் விரதம்தான். ஆடித் தள்ளுபடிக் கூட்டம் இவர் வேலை பார்க்கும் தி. நகர் புடவைக்கடையில் நெரிகிறது, இருந்தும் மேற்பார்வையாளர் ஐயா பிற்பகல் வரை பெர்மிஷன் போட்டிருக்கிறார். எனக்கு லீவு இல்லை. நாலு மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் போக வேண்டும்.

ஜூலை 24, வியாழன்

நாலுக்கு எழுந்தேன். வடை மாவு நீர்த்துப் போயிற்று. எட்டு மணிக்குப் பஸ், நின்றுகொண்டே. குளத்துப் பக்கம் ஒரே கூட்டம், வேட்டியும் சொம்புமாய். பஸ் நகரவே இல்லை. கையெழுத்து லேட். எச்.எம். கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

மதியம் ஒன்றரைக்கு இவர் போன்.

"காக்கா ஒண்ணு கூட வரல. பன்னெண்டு மணில இருந்து மொட்டை மாடில நிக்கேன். கூப்புட்டு கூப்புட்டு தொண்டை கட்டிட்டு."

காக்கை எடுத்த பிறகுதான் இவர் இலையில் உட்காருவார். காலையிலிருந்து காப்பி மட்டும். கொஞ்ச நேரம் பாருங்கள் என்றேன்.

"மேல் வீட்டுக்காரரும் நிக்காரு. அவருக்கும் வரல. தினமும் அந்தக் கம்பில பத்து உக்காந்திருக்குமே, எங்க தொலைஞ்சுது எல்லாம்."

எனக்கென்ன தெரியும். வகுப்பில் இருவர் மண்டை உடைகிற சண்டை, நான் காக்கைக்கு எங்கே போவேன். சாயங்காலம் கேட்டேன், இரண்டே காலுக்கு ஒன்று வந்ததாம், அதுவும் வடையை மட்டும் கொத்திவிட்டுப் பறந்ததாம். "அப்பாவுக்கு எம்மேல என்னமோ வருத்தம்" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போனார். பாவமாக இருந்தது. தோசை வார்த்துக் கொடுத்தேன்.

வடை இன்னும் ஏழு இருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

மனசு சரியில்லாத நாள். யார் மேல் கோபம் என்று தெரியவில்லை.

இன்று பெரிய சார்ட்டுக்குப் பென்சில் வேலை. எல்லா உயிரையும் போட்டால் குழப்பம், அதனால் எல்லார் தாளிலும் இருக்கும் காக்கையை எடுத்துக்கொண்டோம். ஐந்து இடம்: பள்ளி வாசல், லஸ், பூங்கா, மந்தைவெளி மார்க்கெட், குளக்கரை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பட்டை. ஒரு கட்டம் ஒரு காக்கை. இருபது கட்டம் போதும் என்று கணக்குப் போட்டு அளந்து வைத்திருந்தேன்.

திங்கள், செவ்வாய், புதன் அழகாக வந்தது. வியாழன் எல்லா இடத்திலும் சரிவு. பள்ளி வாசல் 3. லஸ் 2. பூங்கா 4. மார்க்கெட் 5, வழக்கமாகப் பதினைந்து வரும் இடம். ஏன் என்று கேட்டார்கள். வகுப்பில் முதல் முறையாக ஒருவன் ஏன் என்று கேட்கிறான், விடுவேனா. மேகமூட்டம் என்றேன். மேகமூட்டமான நாளில் காகங்கள் குறைவாக வெளியே வரும். முப்பத்தெட்டு நோட்டிலும் எழுத வைத்தேன்.

அப்புறம் குளக்கரை. மோனிஷா எழுந்து வாசித்தாள். "எட்டு, பத்து, ஒம்போது, அறுபத்து மூணு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, முதலில். பிறகு எரிச்சல். மயிலாப்பூர்ப் பிள்ளை வாயில் பெரிய எண் என்றால் அறுபத்து மூன்றுதானே வரும். பங்குனித் திருவிழா பார்த்தே வளர்ந்தது. எண்ணாமல் தூங்கிவிட்டு, காலையில் தோன்றியதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறது.

"என்ன மோனிஷா, அறுபத்து மூவர் வீதி உலாவா?" என்றேன். இன்னும் சிரிப்பு.

"நெஜமா மிஸ். கீது மிஸ்."

"எல்லாருக்கும் குறைஞ்சிருக்கு. உனக்கு மட்டும் எப்படி ஏறும்? பலகைல என்ன எழுதியிருக்கு, படி."

படித்தாள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது. குரல் கேட்கவே இல்லை. தாளை வாங்கி அறுபத்து மூன்றின் மேல் சிவப்பில் அடித்தேன். திங்கட்கிழமை ஒழுங்கான எண்ணோடு வா என்று சொல்லித் தாள் கட்டில் சொருகிவிட்டேன். வேறென்ன செய்வது. கட்டமும் இருபதுதான்.

இருந்த ஒரு நல்ல தாளும் இப்படி. யாரை நம்புவது.

ஜூலை 26, சனி

துணி. அரிசி ஊற வைக்க மறதி. மாவரைக்கிற மிக்ஸி போயிற்று. இவர் வர ரொம்ப நேரம் ஆயிற்று, ஆடிக் கூட்டம்.

அலமாரித் தட்டில் தாள்கள் கிடக்கின்றன. தொடவில்லை.

ஜூலை 28, திங்கள்

எல்லாத் தாளும் வந்துவிட்டது. மூன்று பேர் ஞாயிறு தூங்கிவிட்டார்கள், ஒப்புக்கொண்டார்கள். அந்த மட்டில் சரி.

மோனிஷா: வியாழன் 9, சனி 9, ஞாயிறு 9. புறா, நாய் மற்ற எல்லாவற்றுக்கும் சனி ஞாயிறு வெறும் எண்தான், கோடு போடவில்லை. கொஞ்சம் அதிகமாகவே சீராக இருக்கிறது. போகட்டும், சார்ட்டுக்கு அழகாக இருக்கும், எச்.எம். வாய் மூடும்.

"பாரு, இப்பதான் சரியா எண்ணியிருக்கே" என்று முதுகில் தட்டினேன். தலையை ஆட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

சார்ட் வர்ணம். ஸ்கெட்ச் பேனா நான்கு காய்ந்துவிட்டது. நீலம் போதவில்லை, மந்தைவெளிக் காக்கைகள் ஊதா.

ஆதித்யா தனி சார்ட் கொண்டு வந்திருக்கிறான். பளபள காகிதம், நாலு வர்ணம், முப்பரிமாணப் பட்டை. காக்கா 8.5 அப்படியே. கரப்பான் 2.25. எச்.எம். அதை எடுத்து வாசலுக்கு நேரே மாட்டச் சொன்னார்.

"இது பாருங்க, எவ்வளவு சுத்தம்."

அந்தக் கால் கரப்பானைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. எத்தனை பேரோடுதான் மல்லுக்கட்டுவது.

மின்விசிறி சுற்றுகிறது. சார்ட் பறக்கிறது.

ஜூலை 30, புதன்

வெட்கம். இதை யாரிடம் சொல்வது.

வெள்ளிக்கு வரவேற்புத் தட்டில் வைக்கப் பூ வேண்டும் என்று சாயங்காலம் குளத்துப் பக்கம் போனேன். முன்னே பின்னே தெரியாத கடையில் வாங்குவதற்கு, மோனிஷா அம்மாவிடமே வாங்கலாம் என்று. செல்வி. பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். பூ தொடுத்துக்கொண்டே பேசினாள்.

"அமாவாச அன்னிக்கு எனக்கு ஒத்தாசையே இல்ல மிஸ். அகத்திக்கீரை கட்டு வாங்க சனம் வரிசைல நிக்குது, இது மேல பாத்துக்கினு நிக்குது. இன்னாடி பண்றேன்னா, காக்கா எண்றேன்னு சொல்லுது. அன்னிக்கு இங்க எவ்ளோ வரும் தெரியுமா மிஸ். பிண்டம் வெக்கறாங்க, சோறு வெக்கறாங்க, மயிலாப்பூர்ல கீற காக்கா மொத்தமும் இங்கதான். கம்பி ஃபுல்லா, மண்டபத்து மேல ஃபுல்லா."

பையில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

மயிலாப்பூர்க் காக்கை மொத்தமும் இங்கே. அதனால்தான் லஸ்ஸில் இரண்டு. அதனால்தான் மார்க்கெட்டில் ஐந்து. அதனால்தான் இவர் இரண்டே கால் வரை பட்டினி. நான்தான் நாலு மணிக்கு எழுந்து வடை சுட்டவள். நான்தான் கூட்டத்தில் பஸ் நிற்கிறது என்று சலித்துக்கொண்டவள். போனில் இவர் கேட்டாரே, எங்கே தொலைந்தது எல்லாம் என்று. மறுநாளே முப்பத்தெட்டு நோட்டில் மேகமூட்டம்.

"சனி, ஞாயிறு எண்ணினாளா?" என்றேன்.

"எங்க மிஸ். உட்டுட்டா. ஏன்டி எண்ணலன்னு கேட்டேன். மிஸ்ஸுக்கு ஒம்போதுதான் வேணுமாம்மா, அதையே எழுதிக்கினேன்னு சொல்லுச்சு. ஏன் மிஸ், கணக்குல ஒம்போதுதான் வரணுமா?"

அந்த அம்மாள் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். பூவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இவரிடம் சொன்னேன். "அப்ப அப்பாவுக்குக் கோவம் இல்ல" என்றார். அவர் கவலை அவருக்கு.

ஜூலை 31, வியாழன்

காலையிலேயே கட்டைப் பிரித்து அந்தத் தாளைத் தேடினேன். மோனிஷா, வியாழன். என் சிவப்புக் கோடு காகிதத்தையே கிழித்திருக்கிறது. அவ்வளவு அழுத்தம் எதற்கு.

திருப்பினேன். பின்பக்கம் முழுக்க எழுத்து. அன்று நான் திருப்பிப் பார்க்கவே இல்லை.

'காக்கா முதல் தடவ 58. ஒருத்தர் சோறு வெச்சாரு எல்லாம் பறந்துச்சு. திருப்பி எண்ணினேன் 63. கம்பி 31 மண்டபம் 20 படி 12. ரெண்டுல எது எழுதணும். மத்த நாள் இதெல்லாம் எங்க இருக்கும்?'

கூட்டிப் பார்த்தேன். 31, 20, 12. சரியாக அறுபத்து மூன்று. ஐந்து வருடமாக அறிவியல் எடுக்கிறேன், ஒரு பிள்ளை இப்படி ஒரு கேள்வி எழுதியதில்லை. எழுதிய மறுநாளே அவளைச் சிரிக்க வைத்தேன். அவளை இல்லை. அவளைப் பார்த்து மற்றவர்களை.

முதல் பீரியடிலேயே சொன்னேன். நான் சொன்னது தப்பு, மோனிஷா எண்ணியது சரி, அன்று ஆடி அமாவாசை. எல்லாரும் நோட்டை எடுத்து அந்த வரியை அடியுங்கள். அடித்தார்கள். ஆதித்யா கை தூக்கினான்.

"அப்ப மேகம் மிஸ்?"

"மேகம் இல்லை."

"பரீட்சைல வந்தா எது எழுதணும் மிஸ்?"

பலகையில் கட்டம் போட்டதைக் காட்டினேன்.

மதியம் மோனிஷாவைத் தனியாகக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினேன். மிஸ் தப்புப் பண்ணிட்டேன் என்றேன்.

"பரவால்ல மிஸ்."

"அறுபத்து மூணுதானே?"

"தெர்ல மிஸ்."

"நீதானே எண்ணினே. ரெண்டு தடவை."

"நீங்க சொல்லுங்க மிஸ். அத எழுதிக்கறேன்."

அழுதால் கூடத் தேவலை. பணிவாக நிற்கிறது. எந்த எண்ணைக் கேட்டாலும் கொடுக்கும் இப்போது. முப்பதா, முப்பது. எட்டரையா, எட்டரை. இதைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

எச்.எம்.மிடம் போனேன். குளக்கரை வியாழன் பட்டையை நீட்ட வேண்டும். இன்னும் ஐம்பத்து நாலு கட்டம், கட்டத்துக்கு இரண்டு செ.மீ., ஒரு மீட்டருக்கு மேல். சார்ட்டைத் தாண்டி, போர்டைத் தாண்டி மேலே போகும்.

"விளையாடறீங்களா மிஸ். தாளாளர் வர்றப்ப ஒட்டுப்போட்ட சார்ட்டா. ஒரு காக்காவுக்காகவா."

"ஐம்பத்து நாலு காக்கா மேடம்."

முறைத்தார். முடியாது என்றார். சரி என்று சொல்லாமல் வந்தேன்.

நாளைக்கு: கிராஃப் ஷீட் 5, ஃபெவிகால், கத்தரி, ஏணி (வாட்ச்மேனிடம் சொல்லியாயிற்று).

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஏழு மணிக்கே பள்ளி. வாட்ச்மேன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். "இன்னா மிஸ், காக்காவுக்கு கோபுரம் கட்றீங்களா." மோனிஷா பெயர் எழுதிய பட்டை சார்ட்டை விட்டு, போர்டை விட்டு, டியூப்லைட் பட்டியைத் தொட்டு நின்றது. பக்கத்தில் அவள் தாளின் பின்பக்கத்தை அப்படியே ஒட்டினேன். சிவப்புக் கோடு முன்பக்கம், சுவரோடு போயிற்று.

எச்.எம். ஒன்பதரைக்குப் பார்த்தார். முகம் சிவந்தது. அதற்குள் கார் வந்துவிட்டது.

தாளாளர் ஆதித்யா சார்ட் முன் நான்கு நிமிடம். "கம்ப்யூட்டர்லயா, சபாஷ்." பிறகு நம் பக்கம். தலையை அண்ணாந்து பார்த்தார். இது என்னம்மா இவ்வளவு உயரம் என்றார். அந்தப் பிள்ளை எண்ணியது சார் என்று மோனிஷாவை முன்னால் நிறுத்தினேன்.

குனிந்து கேட்டார். "நீயா எண்ணினே? எத்தனை காக்கா பார்த்தே?"

சார்ட்டில் பெரிதாக எழுதியிருக்கிறது. படித்தால் கூடப் போதும். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"மிஸ் எவ்ளோ சொல்றாங்களோ அவ்ளோ சார்."

தாளாளர் சிரித்தார். நல்ல பிள்ளை, ஆசிரியர் சொல்றதைக் கேக்குது என்று தலையில் கை வைத்தார். எச்.எம்.முக்கு உயிர் வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேனா, நினைவில்லை.

முதல் பரிசு எட்டரைக் காக்கைக்கு.

சாயங்காலம் பட்டையைக் கழற்றச் சொல்லி உத்தரவு. கழற்றவில்லை. ஏணி இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கண் வலி. பாடம்: பின்னங்கள்.

ஏதாவது ஒன்றை எண்ணிச் சொல் என்றால் மோனிஷா முதலில் பக்கத்தில் இருப்பவள் தாளைப் பார்க்கிறாள். முன்பு பார்க்க மாட்டாள். ஜன்னலில் எத்தனை கம்பி என்று கேட்டேன். "எத்தன மிஸ்?" என்று திருப்பிக் கேட்டாள். வீட்டுக்கு வந்து இவரிடம் எரிந்து விழுந்தேன், காரணமே இல்லாமல்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மழை. கொடியேற்ற ஒத்திகை, சேறு. எச்.எம். அடுத்த வருடத்துக்குப் புத்தகத்தில் உள்ள படங்களே போதும் என்கிறார். ஒட்டகம். சண்டை போட்டேன். தோற்றேன் என்று சொல்ல முடியாது, சண்டை இன்னும் முடியவில்லை.

பட்டையின் நுனி டியூப்லைட் சூட்டில் சுருண்டுவிட்டது. இன்னும் இருக்கிறது.

ஆகஸ்ட் 23, சனி

அமாவாசை. பள்ளி லீவு. ஆறே முக்காலுக்குக் குளத்துப் படி. கையில் நோட்டு, பென்சில். யாரிடமும் சொல்லவில்லை. இவரிடம் காய் வாங்கப் போகிறேன் என்று பொய்.

ஆடி அளவுக்குக் கூட்டம் இல்லை, இருந்தும் காக்கைகள். ஏழுக்குத் தொடங்கினேன். இருபது வரை வந்தேன், ஒருவர் சோற்றை வைத்தார், எல்லாம் எழும்பிவிட்டது. முதலிலிருந்து. முப்பத்து நாலு. ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன், போச்சு. கழுத்து பிடித்துக்கொண்டது. புடவை முந்தானையில் எச்சம். இதைத்தான் அந்தப் பிள்ளை இரண்டு தடவை செய்திருக்கிறது, அம்மா ஒத்தாசைக்குக் கூப்பிடக் கூப்பிட.

மூன்றாம் தடவை நாற்பத்தொன்று. எழுதினேன்.

செல்வியின் கடை எதிரே. மோனிஷா அகத்திக்கீரை கட்டிக்கொண்டே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாகவோ. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மிஸ் ஆகிவிடுவேன். தானே எழுந்து வந்தாள்.

"இன்னா மிஸ் பண்றீங்க?"

"எண்றேன்."

"எவ்ளோ?"

நோட்டைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கிக் கம்பியைப் பார்த்தாள். உதடு அசைந்தது. ஒரு கம்பம் முடித்து அடுத்த கம்பம், பிறகு மண்டபம், பிறகு படி. விரல் கூட நீட்டவில்லை. எத்தனை என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

நோட்டைக் கேட்கவில்லை, கீரை சுற்றி வந்த காகிதத்தைக் கிழித்துக்கொண்டாள். பென்சிலை மட்டும் என் கையிலிருந்து எடுத்தாள். 52 என்று எழுதினாள்.

"நான் நாற்பத்தொண்ணை அடிச்சிட்டு இதை எழுதிக்கவா?" என்றேன்.

"ஏன் மிஸ். நீங்க பாத்தத நீங்க எழுதுங்க. நான் பாத்தது இது."

காகிதத்தை மடித்துத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள். என்னிடம் தரவில்லை. பென்சிலைத் திருப்பிக் கொடுத்தாள். செல்வி கூப்பிட்டாள், ஆள் நிற்கிறது என்று. இரண்டு படி இறங்கியவள் திரும்பினாள்.

"ஆனா உங்களுது தப்பு மிஸ்" என்று சொல்லிவிட்டுக் கீரை விற்கப் போனாள்.